தண்ணீர் முறைக்கு இரண்டு பேர்

உதயரூபன் தன் இரும்புப் பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போய் இருபத்தாறு நாட்கள் ஆகியிருந்தன. ஊரில் அது அஜந்தாவுக்கு மட்டுமே தெரியும்.

வாவிக்கு மேற்கே இருக்கும் அந்த ஊர்களில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீடும் வளவும் வயலும் பெண்ணுக்கு. மாப்பிள்ளைக்கென்று அங்கே இருப்பது அவன் வரும்போது கொண்டுவந்த பெட்டி ஒன்றுதான். அவன் கோபித்துக்கொண்டு தாய் வீட்டில் போய் நான்கு நாள் கிடந்தாலும் ஊர் அதைப் பெரிதாக எடுக்காது. பெட்டி இருக்கிறதா என்றுதான் கேட்கும். பெட்டி இருந்தால் ஆள் வருவான். பெட்டி போனால் முடிந்தது.

உதயரூபன் கோழி கூவுவதற்கு முன்பே போனான். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. பெட்டியைக் கட்டிய கயிறு போதாமல் இருந்தது. அஜந்தா கிணற்றடியில் இருந்து இன்னொரு கயிறு எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை வாங்கி முடிச்சுப் போட்டான். பிறகு மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டே ஒழுங்கை முடியும் வரை போய், அங்கேதான் அதை இயக்கினான். ஊரை எழுப்பக்கூடாது என்று நினைத்திருப்பான். கடைசியில் அவன் அவளுக்குச் செய்த உபகாரம் அதுதான்.

பெட்டி இருந்த மூலையில் சீமெந்து நிலம் ஒரு சதுரத்துக்கு மட்டும் வெளுப்பாக இருந்தது. அவள் விதைநெல் மூட்டையை இழுத்து அதன் மேல் வைத்தாள்.

மறுநாள் வட்டவிதானை சீனித்தம்பி சைக்கிளில் போகும்போது படலையடியில் கால் ஊன்றி, "எங்க புள்ள, உதயன்ட சத்தத்தக் காணல்ல?" என்றார். வட்டை என்ற அந்த வயல்வெளியின் தண்ணீரை யாருக்கு எப்போது திறப்பது என்பது அவர் கையில்.

"பாசிக்குடாவில வேலை" என்றாள் அஜந்தா.

அவ்வளவுதான். மாரி மழை பொய்த்த வருடங்களில் ஆண்கள் அங்கேதான் போவார்கள். ஹோட்டல்களில் மண் கொத்துவதும் சுவர் பூசுவதும் படகு இழுப்பதும் இருக்கும். சீனித்தம்பி தலையாட்டிவிட்டுப் போனார். அஜந்தாவுக்கு நீளமாகப் பேச வராது. பொய்க்கு அது வசதியாக இருந்தது.

அவளுக்குப் பேச வராது என்பது ஊரறிந்த விஷயம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்துப் பட்டம் எடுத்தவள். நியமனம் வரும் வரும் என்று நான்கு வருடங்கள் போய்விட்டன. விவசாயிகள் அமைப்பின் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு மழைமானி இருக்கிறது. காலையில் போய் அதைப் பார்ப்பதை அவளிடம் விட்டிருந்தார்கள். கார்த்திகையிலும் மார்கழியிலும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த மாதங்களில் பெய்யவேண்டியதில் பாதிகூட அதற்குள் விழவில்லை. தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு சொட்டும் இல்லை. ஆனாலும் தினமும் போனாள். வெறும் குழாயைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டு வந்தாள்.

கொக்குமடுக் குளத்தில் இருந்த தண்ணீர், வட்டையின் முந்நூறு ஏக்கரில் நூறுக்குத்தான் போதும். அதுவும் கவனமாக விட்டால். அந்தக் கணக்கைப் போட்டதும் அவள்தான். மார்கழியில் ஒரு நாள் சோறு போடும்போது உதயரூபனிடம் சொன்னாள்.

"பகல்ல திறந்தா வாய்க்கால்ல போற தண்ணிய வெயில் ஒரு பங்கு குடிக்கும். ஆக்கள் நினைச்ச நேரம் வரம்பில வக்கடைய வெட்டி ஒரு பங்கு போகும். ராவில முறை வைச்சு விடலாம். ரெண்டரை மாத நெல்லை மட்டும் விதைச்சா, வெயில் கடுமையாகிறதுக்குள்ள அறுத்திரலாம்."

"ராவில யானை வருமே."

"அதாலதான் ஒரு முறைக்கு ரெண்டு பேர். ஒராள் தண்ணி கட்ட, ஒராள் காட்டுப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்க."

அவன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினான். தை மாதம் நடந்த கூட்டத்தில் எழுந்து நின்று அதையே சொன்னான். அவனுக்கு நல்ல குரல். சொல் சொல்லாக, அவள் சொன்ன ஒழுங்கிலேயே சொன்னான். கமநலத் திணைக்களத்தில் இருந்து வந்த உத்தியோகத்தரே கைதட்டினார். அன்றிலிருந்து அது 'உதயன் சொன்ன முறை' ஆகிவிட்டது. அஜந்தா பின்சுவரோடு இருந்த பெண்களுக்கிடையில் அமர்ந்து தன் கணக்கு அவன் வாயில் இருந்து வருவதைக் கேட்டாள். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவனுக்கு எப்படி இருந்தது என்று அவள் கேட்கவில்லை.

பெட்டியைக் கட்டுவதற்கு முதல் நாள்தான் அவன் அதைச் சொன்னான். "உன்ட வீடு, உன்ட வயல். கூட்டத்தில நான் பேசினா அதுவும் உன்ட பேச்சு. வீட்டுக்கு வந்தா ரெண்டு பேருக்கும் பேச ஒண்டுமில்ல. நான் இஞ்ச என்ன செய்யிறன் எண்டு எனக்கு விளங்கல்ல, அஜந்தா."



*

கோடை விதைப்புக்கான சிறுபோகக் கூட்டம் வியாழக்கிழமை என்று சீனித்தம்பி வந்து சொன்னார்.

"இந்த முறை பங்கு விதைப்புத்தான் புள்ள. கடைக்கண்டங்கள் ஒண்டும் விதைக்கேலாது. குளத்துத் துருசுக்குக் கிட்டக் கிடக்கிற மேல்கண்டங்கள மட்டும் எல்லாருக்கும் பிரிக்கிற. உனக்கும் அங்க அரை ஏக்கர் வரும். ஆனா ஒண்டு. பங்குக்கு ஒரு ஆம்பிளை ராக்காவலுக்கு வரவேணும். உதயன வரச் சொல்லு. அவன் சொன்ன முறைதானே, அவன் இல்லாமச் சரிவருமா?"

"ஆம்பிளை வராட்டி?"

"ஆள் இல்லாத பங்க வெட்டித்தான் விடுற. கேதீஸ்வரிக்கு நடந்தது தெரியுந்தானே."

தெரியும். போன வரட்சியில் கேதீஸ்வரியின் புருஷன் செத்து எட்டு மாதம். அவள் வீட்டில் காவலுக்குப் போக ஆள் இல்லை. பங்கு வெட்டப்பட்டது. அந்தச் சிறுபோகம் நெல் இல்லை. சாப்பாட்டுக்கு வைத்திருந்ததும் விதைக்கு வைத்திருந்ததும் ஒன்றாகிப் போயின. மாரி வந்தபோது விதைக்க அவளிடம் ஒன்றும் இல்லை. இப்போது பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் துவைக்கிறாள். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை ஊருக்கு வருவாள்.

அஜந்தாவின் இரண்டு ஏக்கர் கடைக்கண்டத்தில், வாவிப் பக்கமாகக் கிடந்தது. நிலம் இப்போதே பாளமாக வெடித்து, வெடிப்புகளின் ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. மேல்கண்டத்தில் அரை ஏக்கர் கிடைத்தால் மூலையில் இருக்கும் மூட்டை வயலுக்குப் போகும். கிடைக்காவிட்டால் அது பானைக்குப் போகும். அதற்குப் பிறகு என்ன என்பதற்குக் கேதீஸ்வரியைப் பார்த்தால் போதும்.

அந்தச் சனிக்கிழமை கேதீஸ்வரி வந்தாள். கைகள் சவர்க்காரத்தில் வெளிறி, விரல் நுனிகள் சுருங்கியிருந்தன. ஒரு பை நிறைய வறுத்த கச்சான் கடலை கொண்டுவந்திருந்தாள்.

"உதயன் எந்த ஹோட்டல்ல புள்ள?"

"கடற்கரைப் பக்கம் அக்கா."

கேதீஸ்வரி சிரித்தாள். "அடி பாவி, பாசிக்குடாவில ஹோட்டல் எல்லாம் கடற்கரைப் பக்கந்தான். காட்டுக்குள்ளயா கட்டுவாங்க? பேரைச் சொல்லு. நீ ரெண்டு ரொட்டி சுட்டுத் தந்தா நான் கொண்டுபோய்க் குடுப்பன். வெள்ளைக்காரியப் பாத்துக்கொண்டு உன்ன மறந்திட்டானோ எண்டும் பாத்திட்டு வாறன்."

"பேர் எனக்குச் சரியாத் தெரியாது."

"புருஷன் வேலை செய்யிற இடம் தெரியாதோ?"

அஜந்தா பிளேன்ரீ ஊற்றப் போனாள். திரும்பி வந்தபோது கேதீஸ்வரி மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விதைநெல்ல ஏன் வெறும் நிலத்தில வைச்சிருக்காய்? ஈரம் ஏறும்."

"எடுத்து வைக்கணும்."

கேதீஸ்வரி எழுந்து போய் மூட்டையின் ஒரு பக்கத்தைக் காலால் மெல்லத் தள்ளினாள். வெளுத்த சீமெந்து ஒரு விரலகலம் தெரிந்தது. அந்த ஊரில் பிறந்த பெண்ணுக்கு அதற்கு மேல் காட்டத் தேவையில்லை. அவள் மூட்டையைப் பழையபடி இழுத்து வைத்தாள். தேநீரைக் குடித்து முடித்தாள்.

"கூட்டம் வியாழக்கிழமை என்ன?" என்றாள்.

"ஓம் அக்கா."

"நானும் லீவு போட்டு வாறன்" என்றுவிட்டுக் கச்சான் பையைத் தின்னும்படி தள்ளி வைத்தாள். "மறுகா வாறன் புள்ள."

அன்றிரவு அஜந்தா தன் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வீட்டில் மணிக்கூட்டின் சத்தம் மட்டும் இருந்தது. அவன் இருந்த காலத்திலும் அதே சத்தம்தான் இருந்தது. அப்போது அது கேட்கவில்லை.

*

திங்கட்கிழமை பஸ் ஏறிக் கரடியனாற்றுக்கு, உதயரூபனின் தாய் வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் வயல்கள் மாட்டுக்கு விட்டுக் கிடந்தன. மேற்கே இருந்து வீசும் கச்சான் காற்று தொடங்க இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் பஸ்ஸுக்குள் புழுதி வந்தது. திரும்பி வா என்று கேட்க அவள் போகவில்லை. அதை அவள் தனக்கே பல தடவை சொல்லிக்கொண்டாள். கூட்டத்துக்கு ஒரு நாள். பிறகு தண்ணீர் முறைக்கு, இரண்டரை மாதத்தில் ஏழெட்டு இரவுகள். அவ்வளவுதான் கேட்கப்போகிறாள்.

உதயரூபன், இப்போது சகோதரிக்குப் போய்விட்ட அந்த வளவில், தண்ணீர் மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தான். அவளைக் கண்டதும் எழும்பினான். கைகளில் எண்ணெய். மாமி உள்ளே இருந்து வந்து, அவளைப் பார்த்து, ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். கதவுக்குள்ளே கட்டிலின் கீழ் பெட்டி தெரிந்தது. அவள் கொடுத்த கிணற்றுக் கயிறு அதன் மேல் சுருட்டி வைத்திருந்தது.

"குடி" என்றான். அவள் குடித்தாள்.

"வியாழக்கிழமை கூட்டம். பங்கு விதைப்பு."

"கேள்விப்பட்டன்."

"பங்குக்கு ஒரு ஆம்பிளை வரவேணுமாம்."

அவன் ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"ஊருக்கு என்ன சொல்லியிருக்காய்?"

"பாசிக்குடாவில வேலை எண்டு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கேலி இல்லாத சிரிப்பு. "நீயா சொன்னாய்? பொய் சொல்லவும் பழகிட்டாய்."

"அந்த ஏழெட்டு ராவுக்கு மட்டும் வந்தாக் காணும். வீட்டுக்கு வரத் தேவையில்ல. நேர வயலுக்கு வந்து, நேரத் திரும்பிப் போகலாம்."

அவள் அவனிடம் இவ்வளவு நீளமாகப் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது. அவன் துணியை மடித்து மோட்டாரின் மேல் வைத்தான்.

"வந்தா ஆக்கள் நான் இருக்கன் எண்டு நினைப்பாங்க. அறுவடை முடிய மறுகா ஒருக்காப் போகவேணும். ஒருக்காப் போறதே எனக்குப் பெரிய பாடாப் போச்சு, அஜந்தா. ரெண்டாந்தரம் ஏலாது."

"சரி" என்றாள்.

"நீயே எழும்பிச் சொல்லு. கணக்கு உன்டதானே. முறையும் உன்டதானே. எனக்கு இனி அதில பேச ஒண்டுமில்ல."

அவள் செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அவன் பஸ் நிற்கும் இடம் வரை கூட வந்தான். பஸ் வர முக்கால் மணித்தியாலம் ஆனது. இருவரும் வீதியை ஆளுக்கொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளுடைய திட்டத்தில் ஒரு முறைக்கு இரண்டு பேர் என்று இருந்ததே, அப்படி.

திரும்பி வரும்போது அவள் வேறொரு கணக்குப் போட்டாள். கூட்டத்தில் அவன் பேரையே சொல்லட்டும். பங்கு கிடைக்கட்டும். விதைத்த பிறகு யாரும் பயிரைப் பிடுங்க மாட்டார்கள். முறை வரும் இரவில் அவளே மண்வெட்டியோடு போய் நிற்பாள். அவருக்குக் காய்ச்சல், லீவு கிடைக்கவில்லை, பஸ் தவறிவிட்டது. ஏதாவது ஒன்று. எல்லாம் சின்னச் சின்ன வசனங்கள். அவளால் முடியும்.

*

வியாழக்கிழமை விவசாயிகள் அமைப்பின் கட்டடம் நிறைய ஆட்கள். தகரக் கூரை கொதித்தது. பின்சுவரோடு ஆறேழு பெண்கள். கேதீஸ்வரி அஜந்தாவுக்குப் பக்கத்தில் வந்து இடம் பிடித்துக்கொண்டாள். பாசிக்குடாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மேல்கண்டங்களில் பெரும்பகுதி ஏறாவூர் கச்சி முகம்மது போடியாருடையது. பங்கு விதைப்பு என்றால் அவருடைய வயலில் அடுத்தவர்கள் இறங்கவேண்டும். அதனால் அவருக்கு முன்வரிசையில் கதிரை. பங்கு எடுக்கிறவர் அவருக்கு வெற்றிலை கொடுத்து ஒரு சொல் சொல்லவேண்டும். அவர் வாங்கிவிட்டால் அந்தப் போகத்துக்கு அந்த நிலம் அவருடையதல்ல.

"நான் குடுக்கிறன், அதில பேச்சில்ல" என்றார் கச்சி முகம்மது. "தண்ணி அல்லாட சொத்து. ஆனா வரம்பு என்ட வாப்பா கட்டினது. அதை வெட்டிப்போட்டுப் போனாயள் எண்டா மறுகா மையத்துக்கும் வரமாட்டன்."

"யாருட மையத்துக்கு, காக்கா?" என்று பின்னால் ஒரு குரல்.

"உன்டதுக்குத்தான்!"

எல்லோரும் சிரித்தார்கள். சீனித்தம்பி கையைத் தூக்கி அமைதியாக்கி, முறைகளைச் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு முறைக்கும் இரண்டு பேர். பேர் சொன்னதும் இருவரும் எழும்பிப் போய் வெற்றிலை கொடுத்தார்கள்.

"மூண்டாம் முறை. காட்டோரத்து மேல்வாய்க்கால். கோணாமலையும் உதயனும்."

அஜந்தாவின் கைக்குள் வெற்றிலை வியர்த்துப் போயிருந்தது. காட்டோரம் என்றால் யானைகள் குளத்துக்கு இறங்கும் பாதை. இந்த வருடம் காட்டு மடுக்கள் வற்றியதால் அவை பொழுது படும்போதே வந்துவிடுகின்றன.

கோணாமலைக்கு அறுபது வயது இருக்கும். இரண்டு காதும் மந்தம். ஆனால் வாய்க்காலில் அவரைப்போல மண் அணைக்க ஆள் இல்லை. "யாரு?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் காதுக்குள் கத்தினார்.

"உதயனோ? நல்லதாப் போச்சு!" என்றார் கோணாமலை, தன் காதுக்கும் கேட்கும்படி. "யானை வந்தா வாலப் பிடிச்சுப் பாத்தாத்தான் எனக்குத் தெரியும். அவன் நிண்டாப் பயமில்ல. அவன்ட தொண்டைக்கு எனக்கே காது கேக்கும். நான் காட்டுக்கு முதுகக் காட்டிக்கொண்டு என்ட பாட்டில வெட்டுவன்."

கூட்டம் சிரித்தது. அஜந்தா எழும்பி முன்னால் போனாள். ஆண்கள் கால்களை ஒதுக்கி வழி விட்டார்கள்.

"எங்க உதயன்?" என்றார் கச்சி முகம்மது.

"பாசிக்குடாவில வேலை" என்று சீனித்தம்பியே சொன்னார். "முறைக்கு வந்திருவான். இது பெண்சாதி."

"தெரியும், தெரியும். மழை பாக்கிற புள்ளதானே." அவர் கையை நீட்டினார். "வெத்திலையத் தா தங்கச்சி. அவன் ராவைக்கு வருவான் எண்டு நீ ஒரு சொல் சொன்னாக் காணும்."

ஓம் என்று சொன்னால் முடிந்தது. அவள் வாழ்க்கையில் அதிகம் சொன்ன சொல்லே அதுதான். பங்கு வந்துவிட்டது. மூட்டை மூலையில் இருந்து எழும்பி வயலுக்குப் போய்விட்டது. கையை நீட்டினால் போதும்.

கோணாமலை வரிசை ஓரத்தில் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். காய்ச்சல், லீவு, பஸ் என்று அவள் தயாராக வைத்திருந்தவை எல்லாம் அவர் காதுக்கு எட்டப் போவதில்லை. யானை வந்து அவள் கத்தினாலும் எட்டாது. காட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பின்னால் உதயன் நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டு, மண்ணைப் பார்த்துக்கொண்டு. இரண்டு பேர் என்ற எண்ணை எழுதியவள் அவள். ஒன்று போதுமென்றால் ஒன்று என்றே எழுதியிருப்பாள்.

அவள் வெற்றிலை இருந்த கையை இழுத்துக்கொண்டாள்.

"அவர் வரமாட்டார்" என்றாள்.

கச்சி முகம்மதுவின் கை அப்படியே நின்றது. சீனித்தம்பி, "என்ன புள்ள, லீவு கிடைக்காதோ? முறை நாள மாத்திப் போடலாமே" என்றார். அவளுடைய குரல் இரண்டாம் வரிசையைத் தாண்டியிருக்காது. பின்னால் இருந்தவர்கள் என்ன என்ன என்று கேட்டார்கள். பின்சுவரில் கேதீஸ்வரி மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோணாமலை காதுக்குப் பின்னால் கையைக் குவித்து முன்னே சாய்ந்தார். "என்ன சொல்லுது புள்ள? எனக்கு ஒண்டும் கேக்கல்ல. சத்தமாச் சொல்லு."

அஜந்தா அவர் பக்கம் திரும்பினாள். நிறைந்த கூட்டத்தில் அவள் ஒருபோதும் குரல் எடுத்ததில்லை. அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது.

"அவர் பாசிக்குடாவில இல்ல, மாமா. பெட்டிய எடுத்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போயிட்டார். இனி வரமாட்டார். வீட்டில நான் மட்டுந்தான் இருக்கன்."